ஐந்து மாதமாகப் போகாத சொறி: வீட்டில் அரிப்பே இல்லாதவரைப் பாருங்கள்

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வயது 34. கணவருக்கு நூற்பாலையில் ஷிப்ட் வேலை. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 3. எட்டு மாதத்துக்கு முன்னால் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து மகளின் விரல் இடுக்கில் பொரிப்பொரியாக வந்தது. அப்புறம் மகனுக்கு, இவருக்கு, கடைசியாகக் கணவருக்கு. டாக்டர் பார்த்துவிட்டு ‘ஸ்கேபிஸ்’, அதாவது சொறி சிரங்கு என்று சொல்லி பெர்மெத்ரின் க்ரீம் எழுதிக் கொடுத்தார். ஐந்து மாதத்தில் ஆறு முறை போட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் பத்து நாள் அடங்கி, மறுபடி தலைகாட்டுகிறது.

“இலவம்பஞ்சு மெத்தையை எரித்துவிட்டேன். தினமும் துணியை வெந்நீரில் போட்டு என் கையெல்லாம் வெடித்துவிட்டது. ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் அடித்துத் தோலில் பூச்சி தேடுகிறேன். ஒரு நாள் ஊசியால் குத்தி எடுத்ததைத் தீப்பெட்டியில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன், அவர் சிரித்துவிட்டார். நான் அவ்வளவு சுத்தமில்லாதவளா? என் கணவருக்கு மர்ம இடத்தில்தான் அதிகமாக இருக்கிறது. இது தப்பான உறவில் வருகிற வியாதி என்று போனில் படித்தேன். அதிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை.” இப்படிப் போகிறது கடிதம்.

மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் இரண்டு வரி இருக்கிறது. “அத்தைக்கு மட்டும் அரிப்பு இல்லை. பக்கவாதத்தில் வராமல்போன கையில் தோல் தடித்து மாவு மாதிரி உதிர்கிறது, அதற்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய க்ரீம் தடவுகிறோம். காலையில் போர்வையை உதறினால் வெள்ளைத் தூளாகக் கொட்டும்.”

அன்புச் சகோதரி,

அந்த இரண்டு வரியை நான் மூன்று முறை படித்தேன். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் நோயை முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் என் சந்தேகம் முழுவதும் உங்கள் அத்தையின் கைமேல் இருக்கிறது. உங்களுக்கோ குழந்தைகளுக்கோ ஏழாவது முறை க்ரீம் போடுவதற்கு முன்னால், அந்தக் கையை ஒரு தோல் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். சிரங்குப் பூச்சியில் பெண் பூச்சியே அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலின் மேல் அடுக்கில் வளை தோண்டி, நாளைக்கு இரண்டு மூன்று முட்டை வைக்கும். சாதாரணமாகச் சிரங்கு வந்த ஒருவரின் உடம்பு முழுக்கத் தேடினாலும் பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும். நமக்கு வருகிற அரிப்பு அது கடிப்பதால் வருவதில்லை. பூச்சியும் அதன் எச்சமும் முட்டையும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் உண்டாகிற ஒவ்வாமை அது. அந்த அரிப்பால் நாம் சொறிகிறோம், சொறிவதில் பூச்சியும் கொஞ்சம் அழிகிறது. பக்கவாதத்தில் மரத்துப்போன கைக்கு உணர்வு குறைவு. அந்தக் கையைத் தூக்கிச் சொறியவும் முடியாது. வயதும் இருக்கிறது, சர்க்கரையும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் கடையில் கேட்டு வாங்கிய க்ரீம். அப்படி வாங்குகிற க்ரீம்களில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது தோலின் எதிர்ப்பை அடக்கிவிடும். இவ்வளவும் ஒரே இடத்தில் சேர்ந்தால் பூச்சி ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் பெருகும். தோல் தடித்து, காய்ந்த தோசை மாவு ஒட்டியது போலப் பொருக்குத் தட்டி உதிரும். நகத்துக்கு அடியிலும் தடிக்கும். அரிப்பு கொஞ்சமாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இதைப் பொருக்குச் சிரங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவர்கள் சோரியாசிஸ் என்பார்கள், கரப்பான் என்பார்கள், வயசானால் தோல் வறண்டுபோகும் என்பார்கள்.

என் பயிற்சிக் காலத்தில் ஒரு வார்டில் இப்படித்தான் ஒரு பெரியவர் சோரியாசிஸ் என்று படுத்திருந்தார். சில வாரத்தில் அவரைத் துடைத்துவிட்ட நர்ஸ்கள் இருவரும், ஊசி போட்ட பயிற்சி டாக்டரும் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெரியவரின் கைப்பொருக்கைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். ஒரு துளியில் ஏழெட்டுப் பூச்சி நகர்ந்தது.

உங்கள் வீட்டுக் கதையைத் தேதி போட்டுப் பார்த்தாலும் பொருந்திவருகிறது. முதல்முறை பூச்சி ஏறுகிறவருக்கு அரிப்பு தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஏற்கெனவே வந்து போனவருக்கு மறுபடி ஏறினால் ஒன்றிரண்டு நாளிலேயே தொடங்கிவிடும். பாட்டியோடு படுத்துத் தூங்குகிற சின்னவளுக்கு முதலில் வந்தது. நீங்கள் நால்வரும் க்ரீம் போட்டுக் குணமாகிறீர்கள். அத்தைக்கு யாரும் போடவில்லை. பத்து நாளில் மறுபடி ஏறுகிறது.

சுத்தம் என்கிற பழி

நீங்கள் சுத்தமில்லாதவரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. தினமும் இரண்டு வேளை குளிக்கிறவருக்கும் சிரங்கு வரும், ஏனென்றால் பூச்சி தோலுக்கு உள்ளே வளையில் இருக்கிறது. சோப்பும் தண்ணீரும் அங்கே போகாது. நெருக்கமாக, கொஞ்ச நேரமாவது தோலோடு தோல் ஒட்டி இருந்தால் ஏறிக்கொள்ளும். குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது, சேர்ந்து படுப்பது, படுத்த படுக்கையாக இருப்பவரைக் குளிப்பாட்டுவது, இதெல்லாம் போதும். உங்கள் வீட்டில் யார் யாரைக் கவனித்துக்கொண்டார்களோ அந்த வழியில்தான் பூச்சி போயிருக்கிறது.

மெத்தை விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் கென்னத் மெலன்பி என்கிற பூச்சியியல் ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். போருக்குப் போக மனசாட்சி இடம் தராது என்று மறுத்த இளைஞர்கள் சிலர் தாங்களாக முன்வந்து, சிரங்கு பிடித்த சிப்பாய்கள் போர்த்திய கம்பளியைப் போர்த்தினார்கள், அவர்கள் போட்டிருந்த உள்ளாடையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டார்கள். அப்படியும் மிகச் சிலருக்குத்தான் தொற்றியது. நோயாளியோடு ஒரே படுக்கையில் படுத்தபோது தொற்றிக்கொண்டது. சாதாரணச் சிரங்கில் துணியைவிட உடம்புதான் முக்கியம் என்பது அப்போதே தெரிந்த விஷயம். பூச்சி உடம்பை விட்டு வெளியே வந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அதனால் நீங்கள் மெத்தையை எரித்திருக்க வேண்டியதில்லை. தினமும் வெந்நீரில் துவைத்துக் கையைப் புண்ணாக்கிக்கொள்ளவும் வேண்டாம்.

ஆனால் அத்தையின் படுக்கைக்கு இது பொருந்தாது. அவருக்கு நான் சந்தேகப்படுவதுதான் என்றால், உதிர்கிற அந்த வெள்ளைத் தூளுக்குள் உயிரோடு பூச்சி இருக்கும். தோல் தூளே அதற்குத் தீனியாகி ஒரு வாரம் வரைகூடப் பிழைத்திருக்கும். போர்வையை வீட்டுக்குள் உதறுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். அப்படியே சுருட்டி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, நேராகக் கொதிக்கிற நீருக்குக் கொண்டுபோங்கள். 50 டிகிரி சூட்டில் பத்து நிமிடம் இருந்தாலே பூச்சி செத்துவிடும். வெந்நீரில் போட முடியாத பொருளைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். கட்டில், நாற்காலிக் கையைத் துடைத்தால் போதும். பூச்சிமருந்து ஸ்ப்ரே அடிக்காதீர்கள். படுத்திருப்பவரின் மூச்சுக்குக் கெடுதல்.

க்ரீமில் எங்கே தப்பு நடந்தது

பெர்மெத்ரின் இப்போதெல்லாம் கேட்பதில்லை என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஐரோப்பாவில் சில நாடுகளில் மருத்துவர்கள் அப்படிச் சந்தேகப்படுவது உண்மைதான். அங்கே ஆய்வுகளும் நடக்கின்றன. ஆனால் உங்கள் விஷயத்தில் மருந்தைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. 30 கிராம் ட்யூப் ஒன்றை நான்கு பேர் பங்கிட்டிருக்கிறீர்கள். வளர்ந்த ஒருவருக்கு ஒரு தடவைக்கே 30 கிராம் வேண்டும். அரிக்கிற இடத்தில் மட்டும் தடவியிருக்கிறீர்கள். அரிப்பு இருக்கும் இடமும் பூச்சி இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. போட்ட பிறகு சமையலுக்காகக் கை கழுவியிருக்கிறீர்கள். வளை அதிகமாக இருப்பதே விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும்தான். உங்கள் கணவர் நைட் ஷிப்ட் என்று வேறொரு நாள் போட்டிருக்கிறார்.

சரியான முறை இது. கணவருக்கு வார விடுமுறை வரும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும், அரித்தாலும் அரிக்காவிட்டாலும், அதே நாள் மாலை. அத்தையைப் பார்த்துக்கொள்ள வந்துபோகும் உங்கள் நாத்தனாருக்கும் சேர்த்துத்தான். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வெந்நீரில் குளித்த சூட்டோடு போடாமல், உடம்பு காய்ந்து குளிர்ந்த பிறகு போடுங்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓர் இடம் விடாமல்: காது மடலுக்குப் பின்னால், விரல் இடுக்கு, நகத்துக்கு அடி, அக்குள், தொப்புள், மார்புக்குக் கீழ், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, பிட்ட இடுக்கு, பாதம். முதுகுக்கு ஒருவருக்கொருவர் போட்டுவிட வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கும் அத்தைக்கும் தலையிலும் முகத்திலும்கூட, கண்ணும் வாயும் தவிர்த்துத் தடவ வேண்டும். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், அதிகபட்சம் பதினாலு மணி நேரம் இருக்கட்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி போடுங்கள். குழந்தை விரல் சூப்புவாள் என்றால் மெல்லிய துணி உறை போட்டுவிடுங்கள். காலையில் குளித்து, துவைத்த துணி, துவைத்த விரிப்பு.

ஏழாம் நாள் இதே போல இன்னொரு முறை. முதல் தடவையில் தப்பிய முட்டை மூன்று நான்கு நாளில் பொரிக்கும். அது வளர்ந்து முட்டை வைக்கும் முன்னால் பிடித்துவிட வேண்டும், அதற்குத்தான் இரண்டாம் தடவை. அரிப்பு அடங்கிவிட்டது என்று அதை விட்டுவிடுகிறவர்கள்தான் நிறைய. உங்களைப் போலப் பயத்தில் ஐந்தாம் முறை, ஆறாம் முறை என்று போடுகிறவர்களும் உண்டு. அப்போது தோல் வறண்டு, மருந்தாலேயே அரிப்பு வரும்.

ஐவர்மெக்டின் மாத்திரை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல மருந்து. இதற்கு மூலமான அவர்மெக்டினைக் கண்டுபிடித்ததற்காகத்தான் காம்ப்பெல், ஓமுரா என்ற விஞ்ஞானிகள் இருவருக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்கு, 60 கிலோ உள்ளவருக்கு 12 மி.கி., சாப்பாட்டோடு. முட்டையை அது கொல்லாது என்பதால் ஒன்று இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு வேளை. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுப்பதில்லை. உங்கள் மகள் 12 கிலோ என்று எழுதியிருப்பதால் அவளுக்குக் க்ரீம் மட்டும். உங்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள், கர்ப்பத்தில் மாத்திரையைத் தவிர்ப்போம், க்ரீம் போடலாம். கடையில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

அத்தைக்கு வந்திருப்பது பொருக்குச் சிரங்கு என்று உறுதியானால் வைத்தியமே வேறு. மாத்திரை ஒரு வேளையோடு முடியாது, முதல் நாள், இரண்டாம் நாள், எட்டாம் நாள் என்று பல வேளை போகும். க்ரீமும் முதல் வாரம் தினமும் போட வேண்டியிருக்கும், பொருக்கை இளக்க வேறொரு களிம்பும் வேண்டும். வீட்டில் செய்ய முயலாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போய் உட்கார்ந்ததும், “வீட்டில் நாலு பேருக்குச் சிரங்கு, இவருக்கும் இருக்குமோ, கையைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியுமா?” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கூட்டத்தில் காத்திருக்கும் மற்றவர்களை அவர் தொடாதபடி தனியாக உட்காரவைப்பார்கள். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடமும் கையுறை போடச் சொல்லிவிடுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

உங்கள் கணவரைப் பற்றி

நீங்கள் நான்கு முறை அடித்து எழுதியிருக்கும் பகுதி இது. பெரியவர்களுக்கு உடலுறவின்போதும் சிரங்கு தொற்றும், அவ்வளவு நெருக்கமான தொடுதல் என்பதால். ஆனால் ஆணுக்குப் பிறப்புறுப்பிலும் விதைப்பையிலும் முடிச்சு முடிச்சாக வருவது எந்த வழியில் தொற்றியிருந்தாலும் வரும். பூச்சிக்குப் பிடித்த இடங்களில் அது ஒன்று, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் முதலில் வந்தது மூன்று வயதுக் குழந்தைக்கு, கடைசியில் வந்தது உங்கள் கணவருக்கு. இந்த வரிசையே அவர்மேல் சந்தேகப்படக் காரணம் இல்லை என்று சொல்கிறது. அந்த முடிச்சுகள் பூச்சி செத்த பிறகும் சில மாதம் இருக்கும். அதைப் பார்த்து மறுபடி மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவரும் வெட்கத்தில் டாக்டரிடம் காட்டாமலே இருக்கிறார் என்று தோன்றுகிறது. நீங்கள் சந்தேகத்தோடு பார்ப்பது தெரிந்தால் இன்னும் மறைப்பார்.

அவரிடம் அத்தை விஷயத்தைச் சொல்வதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப்போகிறது. மருமகள் வாயிலிருந்து “உங்க அம்மாவால்தான்” என்று வந்தால், அதற்கு அப்புறம் எந்த மருந்தும் அந்த வீட்டுக்குள் சேர்ந்து போடப்படாது. அப்படிச் சொல்வது நியாயமும் இல்லை. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தபோதோ வேறெங்கோ, அவருக்கும் யாரோ ஒருவரிடமிருந்து வந்ததுதான். “அம்மா கையில் தோல் உதிர்கிறதே, சர்க்கரை வேறு இருக்கிறது, புண்ணாவதற்குள் தோல் டாக்டரிடம் காட்டிவிடலாம்” என்று ஆரம்பியுங்கள். மீதியை டாக்டர் சொல்லட்டும். அத்தையைத் திண்ணைக்கு மாற்றுவதோ தட்டை ஒதுக்குவதோ வேண்டாம், தட்டு டம்ளர் வழியாக இது பரவாது. அவரைத் தொடும்போது நீங்கள் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள், போதும்.

இப்போதே பார்க்க வேண்டியது

மகனுக்குப் பிட்டத்தில் சீழ்க் கொப்புளம் இருப்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சொறிந்த இடத்தில் கிருமி சேர்ந்திருக்கிறது. இதற்குத் தனியாக மருந்து வேண்டும். அதில் ஒரு வகைக் கிருமி, குழந்தைகளுக்குப் பிற்பாடு சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும். காலையில் எழுந்திருக்கும்போது முகமும் கண் இமையும் வீங்கியிருந்தால், சிறுநீர் குறைந்தால், அல்லது கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சல் வந்தாலும் அப்படியே. குப்பைமேனியை உப்பு வைத்து அரைத்துப் பூசியதில் சின்னவளுக்கு எரிந்து தோல் உரிந்தது என்கிறீர்கள், அதை இனிமேல் செய்யாதீர்கள். புண்ணான தோலில் உப்பு, வேப்பிலை விழுது, டெட்டால், எதுவுமே வேண்டாம். கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தியதால் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. குழந்தைகள் ஆசைப்பட்டால் கொடுங்கள்.

பள்ளியில் டீச்சர் டைரியில் எழுதி அனுப்பியதால் மகன் மூன்று வாரமாக வீட்டில் இருக்கிறான். முதல் தடவை க்ரீமை முறையாகப் போட்டுக் குளித்தாயிற்றென்றால் மறுநாளே பள்ளிக்குப் போகலாம். டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் ராத்திரி டார்ச் அடிப்பதைப் பற்றி. ஐந்து மாதம் சரியான தூக்கம் இல்லாமல், வீட்டில் நான்கு பேருக்கு மருந்து போட்டு, ஒருவரைக் குளிப்பாட்டி, யாரிடமும் சொல்லாமல், தங்கை கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் இருந்திருக்கிறீர்கள். பூச்சி ஊர்வது போலத் தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தீப்பெட்டியைப் பார்த்து அந்த டாக்டர் சிரித்திருக்கக் கூடாது. 1834-இல் பாரிஸில் ரெனூச்சி என்ற கோர்சிகாத் தீவு மாணவர் எல்லார் முன்னாலும் ஊசி முனையில் இந்தப் பூச்சியை எடுத்துக் காட்டித்தான், சிரங்கில் பூச்சி உண்டா இல்லையா என்ற பெரிய பெரிய டாக்டர்களின் வாதம் அடங்கியது. அந்த வித்தையை அவர் கற்றது தன் ஊர் ஏழைப் பெண்களிடம். அவர்கள் வளையின் நுனியைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஊசியால் புண்தான் ஆகும். டெர்மாஸ்கோப் என்ற சின்ன லென்ஸில் மருத்துவர் வலியில்லாமல் பார்த்துவிடுவார். ஊசியையும் டார்ச்சையும் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். தங்கையிடம் போன் பண்ணிச் சொல்லுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், இல்லாவிட்டால் மறுபடி பயந்துவிடுவீர்கள். பூச்சி எல்லாம் செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும். செத்த பூச்சியும் முட்டை ஓடும் தோலோடு உதிர அவ்வளவு நாள் ஆகிறது. அந்த நாட்களில் தேங்காய் எண்ணெயோ, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரோ தடவுங்கள், ராத்திரிக்கு அரிப்பு மாத்திரை கேட்டு வாங்குங்கள். மறுபடி பெர்மெத்ரின் ட்யூபைத் திறக்காதீர்கள். புதிதாக விரல் இடுக்கில் பொரி வந்தாலோ, நான்கு வாரம் தாண்டியும் அரித்தாலோ திரும்ப டாக்டரிடம் போங்கள். காலண்டரில் முதல் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் மூன்றையும் வட்டம் போட்டு வையுங்கள்.

கடைசி வரியில், சின்னவள் பாட்டியிடம் படுக்க வேண்டும் என்று தினமும் அழுகிறாள், விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். பாட்டி கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டாத தூரத்தில் அவளுக்குப் பாய் போடுங்கள், கதை கேட்டுக்கொண்டே தூங்கட்டும். அத்தைக்கு வைத்தியம் முடிந்து, கையைச் சுரண்டிப் பார்த்ததில் பூச்சி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், அன்று ராத்திரியே அவளைப் பாட்டி பக்கத்தில் படுக்கவிடலாம்.